பிள்ளை பிறந்ததும் போன சர்க்கரை திரும்பி வருவது ஏன்?

"அப்பாடா! பிள்ளையும் பிறந்தது, சர்க்கரையும் போயிற்று!"

பல வீடுகளில் பாட்டிமார்கள் இப்படிச் சொல்வது உண்டு. கர்ப்பமாக இருந்தபோது மருமகளின் ரத்தத்தில் சர்க்கரை இருந்தது. பாயசம் இல்லை, பழரசம் இல்லை என்று நாலு மாதம் பயந்து பயந்து சாப்பிட்டாள். சிலருக்கு ஊசி கூடப் போட வேண்டியிருந்தது.

குழந்தை பிறந்தது. ரத்தம் சோதித்தார்கள். சர்க்கரை இல்லை!

வீட்டில் ஒரே மகிழ்ச்சி. "ஆறு வாரம் கழித்து ஒரு தடவை வந்து ரத்தம் பார்த்துவிட்டுப் போங்கள், அம்மா" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு பீரோவில் போய்ச் சேர்ந்தது. பிறகு யாரும் அதை எடுக்கவில்லை.

ஏழெட்டு ஆண்டுகள் ஓடின. குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. தாய்க்கோ ஓயாத களைப்பு. கழுத்தைச் சுற்றிக் கறுப்பு. வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் எடுத்தபோது டாக்டர் சொல்கிறார்:

"ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. சர்க்கரையும் வந்துவிட்டது."

அந்தப் பெண் திடுக்கிடுகிறாள். "ஈரல் வியாதியா? அது குடிப்பவர்களுக்கு அல்லவா வரும்? எங்கள் வீட்டில் யாரும் தொட்டதுகூட இல்லையே!"

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பல வீடுகளின் கதை. போன சர்க்கரை ஏன் திரும்பி வந்தது? ஈரலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? வராமல் தடுக்க வழி உண்டா?

உண்டு. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் தாய்மார்கள் மட்டும் அல்ல. வீட்டார் அனைவரும்தான்.

கர்ப்பத்தில் சர்க்கரை

நாம் சாப்பிடும் சோறும் இட்டிலியும் வயிற்றில் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை தசைகளுக்குள் போனால்தான் உடம்புக்குச் சக்தி. உள்ளே போகக் கதவைத் திறக்கும் சாவி ஒன்று உண்டு. அதன் பெயர் இன்சுலின். வயிற்றின் பின்புறம் உள்ள கணையம் என்ற உறுப்பு அதைச் சுரக்கிறது.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து சில சுரப்பு நீர்கள் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. அவை இன்சுலினின் வேலையைக் கொஞ்சம் மந்தப்படுத்துகின்றன. எதற்காக? தாயின் ரத்தத்தில் சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருந்தால், வயிற்றில் உள்ள குழந்தைக்கு உணவு தாராளமாகக் கிடைக்கும். இது இயற்கையின் ஏற்பாடு.

பெரும்பாலான தாய்மார்களின் கணையம் இதைச் சமாளித்துவிடும். இரண்டு பங்கு, மூன்று பங்கு இன்சுலினைச் சுரந்து கொடுக்கும். சிலரது கணையத்தால் அவ்வளவு முடியாது. அப்போது சர்க்கரை ஏறிவிடுகிறது. ஆறாவது, ஏழாவது மாதங்களில் இது வெளிப்படும்.

குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடி வெளியே வந்துவிடுகிறது. தொல்லை கொடுத்த சுரப்பு நீரும் நின்றுவிடுகிறது. சர்க்கரை இறங்கிவிடுகிறது.

ஆனால் கணையத்தின் பலவீனம் போய்விட்டதா? இல்லை! அது அப்படியே இருக்கிறது.

பாலத்தின் மீது கனமான லாரி போனபோது விரிசல் தெரிந்தது. லாரி போய்விட்டதால் விரிசல் மூடிக்கொள்ளுமா? கர்ப்பம் என்பது அந்த லாரி. பலவீனத்தை அது முன்கூட்டியே காட்டிக் கொடுத்தது.

200 ஆண்டுகளுக்கு முன்

இந்த விந்தையை முதலில் எழுதி வைத்தவர் ஒரு ஜெர்மானியர். 1824-ம் ஆண்டு பெர்லின் நகரில் பென்னவிட்ஸ் என்ற இளம் மருத்துவர் ஒரு நூல் எழுதினார். 22 வயதுப் பெண் ஒருத்தி கர்ப்பமாக இருந்தபோது அவளுக்கு அடங்காத தாகம் எடுத்தது. சிறுநீரில் சர்க்கரை இருந்தது. அவளுக்குப் பிறந்த குழந்தையின் எடை 12 பவுண்டு! பாவம், அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. பிரசவத்துக்குப் பின் தாயின் சர்க்கரை மறைந்துவிட்டது.

மறைந்த சர்க்கரை பின்னால் திரும்பி வருமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் இருந்த டாக்டர் ஜான் ஓ'சல்லிவன். அவர் 752 கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோஸ் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார். எந்த அளவுக்கு மேல் சர்க்கரை இருந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வருகிறது என்று வேறொரு கூட்டத்துப் பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தார். 1964-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்.

கர்ப்ப காலச் சர்க்கரைக்கு முதன்முதலில் அளவு வகுத்ததே இப்படித்தான். "இந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வருமா?" என்ற கேள்வியிலிருந்துதான் அந்த அளவு பிறந்தது!

பத்து மடங்கு!

பிற்பாடு உலகின் பல நாடுகளில் இந்த ஆராய்ச்சி நடந்தது. 13 லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் கணக்கை ஒன்றாகச் சேர்த்து 2020-ம் ஆண்டு ஒரு முடிவு வெளியாயிற்று.

கர்ப்பத்தில் சர்க்கரை வராத பெண்களோடு ஒப்பிட்டால், வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் ஆபத்து ஏறக்குறைய 10 மடங்கு!

அதற்காக எல்லாருக்கும் வந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை. மற்றவர்களைவிட அவர்கள் அதிகம் விழிப்பாக இருக்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

சென்னை காட்டிய வழி

கர்ப்பிணிகளின் சர்க்கரையைக் கண்டுபிடிப்பதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-ம் ஆண்டு நீரிழிவுக்கு என்றே தனித் துறை தொடங்கியவர் டாக்டர் வி. சேஷய்யா. வெறும் வயிற்றோடு வா, மூன்று தடவை ரத்தம் கொடு என்றால் ஏழைக் கர்ப்பிணிகள் வருவார்களா? வெகு தூரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள் எத்தனை நேரம் பட்டினி கிடப்பாள்?

அவரும் அவரோடு உழைத்தவர்களும் சுலபமான வழி ஒன்றைப் பரப்பினார்கள். சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டியது. இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் எடுக்க வேண்டியது. 140 மில்லி கிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை.

கர்ப்பிணிகள் அனைவருக்கும் இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று 2007-ம் ஆண்டு தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது. இந்தியாவிலேயே முதலில் செய்த மாநிலம் இதுதான். டாக்டர் சேஷய்யாவின் பிறந்த நாளான மார்ச் 10, இந்தியாவில் கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

கர்ப்பத்தில் கண்டுபிடிக்க வழி பிறந்துவிட்டது. ஆனால் பிரசவத்துக்குப் பின்?

அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அந்த நேரத்தில் ஓசைப்படாமல் ஓர் உறுப்பு கெடத் தொடங்குகிறது. அதுதான் ஈரல்.

உடம்பின் களஞ்சியம்

வலது விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கிறது ஈரல். எடை சுமார் ஒன்றரைக் கிலோ. வீட்டுக்குக் குதிர் எப்படியோ, உடம்புக்கு ஈரல் அப்படி. சாப்பிட்டவுடன் மிச்சச் சர்க்கரையை வாங்கிச் சேர்த்து வைக்கும். இரவில் நாம் தூங்கும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குக் கொடுக்கும்.

ஆனால் அந்தக் குதிரில் சுமார் 100 கிராம் சர்க்கரைக்குத்தான் இடம். அதற்கு மேல் வந்தால் என்ன செய்வது? ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. அளவோடு மாற்றினால் தீங்கில்லை. தினமும் தேவைக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் கொழுப்பு ஈரலிலேயே தங்கிவிடுகிறது. நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அதைக் "கொழுப்பு ஈரல்" என்கிறார்கள்.

இது ரோமாபுரிச் சமையல்காரர்களுக்கு 2,000 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த விஷயம்! அவர்கள் வாத்துகளுக்கு அத்திப்பழத்தை ஓயாமல் ஊட்டுவார்கள். அந்த வாத்துகளின் ஈரல் பருத்துக் கொழுத்துவிடும். பணக்காரர் விருந்தில் அது விசேஷ உணவு. இத்தாலிய மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் ஈரலுக்கு இன்று வழங்கும் பெயரே அத்திப்பழத்தின் பெயரிலிருந்து வந்ததுதான்.

வாத்து சாராயம் குடித்ததா? இல்லை. பழத்தின் சர்க்கரையே ஈரலில் கொழுப்பாக மாறியது.

குடிக்காதவர்களுக்கும் வரும்

மனிதர்களிலும் இப்படி உண்டு என்பதை மருத்துவ உலகம் மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டது. 1980-ம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் லுட்விக் என்பவரும் அவருடைய சகாக்களும் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களின் ஈரல் குடிகாரரின் ஈரல் போல இருந்தது. ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் அல்ல! அவர்களில் பெண்களே அதிகம். பலர் பருமனானவர்கள். பலருக்கு நீரிழிவு இருந்தது.

ஆகவே, ஒரு பெண்ணுக்கு ஈரலில் கொழுப்பு என்று டாக்டர் சொன்னால், அக்கம்பக்கத்தார் வேறு விதமாகப் பேச வேண்டியதில்லை. அவளும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்கு இந்த நோய் அதிகமா? அமெரிக்காவில் நான்கு நகரங்களைச் சேர்ந்த இளைஞர்களை 1985-ம் ஆண்டு முதல் கவனித்து வந்தார்கள். அவர்களில் 1,115 பெண்களுக்கு 25 ஆண்டுகள் கழித்து ஈரலைப் படம் எடுத்துப் பார்த்தார்கள்.

கர்ப்பத்தில் சர்க்கரை வராதவர்களில் 100-க்கு சுமார் 6 பேருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. வந்தவர்களிலோ 100-க்கு 14 பேருக்கு! இரண்டு மடங்குக்கும் அதிகம்.

விஷச் சக்கரம்

ஈரலில் கொழுப்பு சேர்ந்தால் நீரிழிவு ஏன் வருகிறது? இங்கிலாந்தில் நியூகாசில் நகரைச் சேர்ந்த பேராசிரியர் ராய் டெய்லர் இதை ஒரு சக்கரமாக விளக்குகிறார்.

கொழுத்த ஈரல் இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. "ரத்தத்தில் சர்க்கரை போதும், நிறுத்து" என்று இன்சுலின் கட்டளையிட்டாலும், ஈரல் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இரவு கொஞ்சமாகச் சாப்பிட்டும் காலையில் சர்க்கரை கூடுதலாக இருப்பது இதனால்தான். அதை அடக்கக் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலின் சுரக்கிறது. அந்த இன்சுலின் ஈரலில் இன்னும் கொழுப்பைச் சேர்க்கிறது!

நிரம்பி வழியும் கொழுப்பு ரத்தத்தின் வழியே கணையத்துக்கும் போகிறது. ஏற்கெனவே பலவீனமான கணையம் சோர்ந்துவிடுகிறது. நீரிழிவு வந்துவிடுகிறது.

கொழுப்பு ஈரல் வலிக்காது. காட்டிக் கொடுக்காது. சிலருக்கு மட்டும், ஆண்டுகள் செல்லச் செல்ல, ஈரல் வீங்கித் தழும்பேறிச் சுருங்கிவிடும். அது உயிருக்கே ஆபத்து.

ஒல்லியானவர்களும் ஜாக்கிரதை

"என் மகள் ஒல்லிதானே, அவளுக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம்.

புனே நகரில் டாக்டர் யாக்னிக் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தார். நம் நாட்டுக் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைவு. கை கால்கள் மெலிவு. ஆனால் உடம்பில் கொழுப்பு மட்டும் குறையவில்லை! பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியர் உடல்வாகு பிறவியிலேயே அப்படி.

அதனால்தான் எடையை மட்டும் பார்த்தால் போதாது, இடுப்பையும் அளக்க வேண்டும் என்கிறார்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு உள்ளே இருப்பது நல்லது.

சக்கரத்தை நிறுத்தலாம்!

இனி நல்ல செய்தி. இந்தச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்ற முடியும்!

2011-ம் ஆண்டு நியூகாசிலில் நீரிழிவு வந்து நாலு ஆண்டுகளுக்கு உட்பட்ட 11 பேரை டாக்டர்களின் கண்காணிப்பில் மிகக் குறைந்த உணவில் வைத்தார்கள். ஒரே வாரத்தில் ஈரல் கொழுப்பில் நூற்றுக்கு 30 பங்கு கரைந்தது. காலைச் சர்க்கரையும் சரியாயிற்று. (இதை வீட்டில் தானாகச் செய்து பார்க்கக் கூடாது. பால் கொடுக்கும் தாய்க்குப் பட்டினி ஆகவே ஆகாது.)

அமெரிக்காவில் நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றில், முன்பு கர்ப்பத்தில் சர்க்கரை வந்த சுமார் 350 பெண்கள் இருந்தார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது, உடம்பின் எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைப்பது என்று ஒரு பிரிவினருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து பாதியாகக் குறைந்தது!

60 கிலோ எடை உள்ளவருக்கு 7 பங்கு என்றால் சுமார் 4 கிலோதான். மலையைப் புரட்ட வேண்டியதில்லை.

தாய்ப்பாலும் தாயைக் காக்கிறது. கலிபோர்னியாவில் கர்ப்ப காலச் சர்க்கரை வந்த பெண்களைப் பிரசவத்துக்குப் பின் கவனித்தார்கள். 959 பேரில் 113 பேருக்கு இரண்டே ஆண்டில் நீரிழிவு வந்துவிட்டது. ஆனால் 10 மாதத்துக்கு மேல் தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கு, இரண்டு மாதத்துக்குள் நிறுத்தியவர்களோடு ஒப்பிட்டால், ஆபத்து பாதிக்கும் குறைவாக இருந்தது.

சொன்னால் மட்டும் போதுமா?

இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளிலும் இதே போன்ற முயற்சி நடந்தது. 1,600-க்கும் அதிகமான பெண்கள். முடிவு 2022-ல் வெளியாயிற்று. பாடம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஓர் ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்திலேயே, இரு பிரிவிலும் நாலில் ஒரு பெண்ணுக்கு சர்க்கரை நிலை மோசமாகியிருந்தது!

கைக்குழந்தைக்காரி இரவெல்லாம் விழித்திருக்கிறாள். விடிந்தால் அடுப்பு. பிறகு வேலை. எல்லாரும் சாப்பிட்ட பின், வீணாகக் கூடாது என்று மிச்சச் சோற்றையும் குழந்தை வைத்த பிஸ்கட்டையும் அவளே தின்கிறாள். "பிள்ளை பெற்றவள் நன்றாகச் சாப்பிட வேண்டும்" என்று நெய்யும் கருப்பட்டியும் மாதக் கணக்கில் தொடர்கின்றன. அவளிடம் போய் "தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும்" என்றால் எப்போது நடப்பாள்?

அந்த அரை மணி நேரத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டியது வீட்டார்தான். கணவர் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவள் நடக்கலாம். மாமியார் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி பொரியலைக் கூட்டினால் அது மருந்துக்குச் சமம்.

செய்ய வேண்டியவை

கர்ப்பத்தில் சர்க்கரை வந்த தாய்மார்கள் இவற்றை நினைவில் வைக்க வேண்டும்:

1. பிரசவமாகி ஆறு வாரம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்துகொள்ள வேண்டும். இரண்டு மணி நேர அளவு 140-க்குக் கீழ் இருந்தால் நல்லது. 140 முதல் 199 வரை இருந்தால் எச்சரிக்கை. 200-க்குப் போனால் நீரிழிவு.

2. அந்தச் சோதனையில் ஒன்றும் இல்லை என்றாலும் ஆண்டுக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும். குழந்தையின் பிறந்த நாளையே அதற்கு அடையாளமாக வைத்துக்கொண்டால் மறக்காது.

3. இடுப்பு பருத்தாலோ சர்க்கரை கூடினாலோ ஈரலையும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

4. தட்டில் பாதி காய்கறி. கால் பங்கு சோறு. மீதி பருப்பு, சுண்டல், முட்டை, மீன். குளிர் பானம், பாட்டில் பழரசம், பிஸ்கட் ஆகியவற்றை விலக்க வேண்டும். தாகத்துக்குத் தண்ணீரும் மோரும் போதும்.

5. ஈரலைச் சுத்தம் செய்யும் பொடி, லேகியம் என்று விற்பதை நம்பி வாங்க வேண்டாம். அவற்றில் சில ஈரலையே கெடுத்ததுண்டு.

6. அடுத்த குழந்தைக்கு எண்ணம் இருந்தால் முன்னதாகவே ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம்.

பீரோவில் உள்ள சீட்டு

2021-ம் ஆண்டு கொழுப்பு ஈரல் நோயைத் தடுக்கும் வேலையை மத்திய அரசு தன் சுகாதாரத் திட்டத்தில் சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. நீரிழிவுக்காரர்களின் வீட்டு வாசலுக்கே மருந்து வந்தது.

ஆனால், "எனக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது" என்பதைத் தாய்தான் சொல்ல வேண்டும். பத்து ஆண்டு கழித்துப் பார்க்கும் டாக்டருக்கு அது எப்படித் தெரியும்?

குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளை எந்தத் தாயும் மறப்பதில்லை. அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து, தேதி தவறாமல் தூக்கிக்கொண்டு போகிறாள். தனக்கு எழுதிக் கொடுத்த சீட்டை மட்டும் மறந்துவிடுகிறாள்.

இனி அந்தச் சீட்டும் அந்த அட்டையோடு சேர்ந்தே இருக்கட்டும். குழந்தைக்கு ஊசி போடும் நாளில் தாய்க்கும் ரத்தம் பார்க்கட்டும். குழந்தை பள்ளிக்கூடம் போய், படித்து, பெரியவனாகும்போது அதைப் பார்க்கத் தாய் நலமாக இருக்க வேண்டாமா?